ஒரு கண்ணில் ஐந்து நிமிடம்

என் கணவர் கேள்வியைப் பஸ் நிறுத்தம் அறிவிப்பது போலத்தான் படிப்பார். ஏற்றமும் இருக்காது, இறக்கமும் இருக்காது. அப்படிப் படிக்கச் சொன்னது நான்தான். ஆரம்ப நாட்களில் சரியான விடை வரும் இடத்தில் அவருக்கு லேசாக மூச்சு நிற்கும். பின்பக்கத்தில் பதிலைப் பார்த்துவிட்டு வந்து படிக்கிற ஆள், வேறென்ன செய்வார். மூச்சு நின்ற இடத்தை வைத்தே ஒரு மாலையில் நான் முப்பதுக்கு இருபத்தெட்டு வாங்கினேன். "டாக்டரம்மா இன்னிக்குப் பின்னி எடுக்கறாங்க" என்று அவர் பூரித்துப்போய் உட்கார்ந்திருக்க, மேசையின் மறுமுனையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் தலையைத் தூக்காமலே, "அப்பா, அம்மா கேள்விக்குப் பதில் சொல்லல, உங்க மூச்சுக்குச் சொல்றாங்க" என்று போட்டு உடைத்தாள். அன்றிலிருந்து எல்லா விடைகளையும் ஒரே குரலில் படிக்கப் பழகிக்கொண்டார். வண்டியில் தினமும் நாற்பது நிறுத்தங்களின் பெயரைச் சொல்லிப் பழகிய குரல் அது.

குடும்ப மருத்துவராகப் பதிவு செய்துகொள்வதற்கான அறிவுத் தேர்வு. இருநூறு கேள்விகள், மூன்று மணி நேரம், ஒவ்வொன்றுக்கும் ஐந்து விடைகள். ஐந்துமே பார்ப்பதற்குச் சரி போலத்தான் இருக்கும். அதில் மிகச் சரியானது எது என்பதுதான் கேள்வி. மூன்று முறை மட்டுமே எழுதலாம். முதல் முறை ஏழு மதிப்பெண்ணில் போனது. இரண்டாவது முறை மூன்றில் போனது. "பரவால்ல, கிட்ட வந்துட்டே இருக்கே" என்றார் அவர். மூன்றாவது முறைக்கு ஒரு புத்தகம் வாங்கினோம். யாரோ எழுதித் தேறியவர் விற்றது. ஆயிரத்து நூறு கேள்விகள். முன்னால் வைத்திருந்தவர் தான் தப்பாகச் சொன்ன கேள்விகளுக்குப் பக்கத்தில் பென்சிலில் 'கழுதை' என்று தன்னையே திட்டி வைத்திருந்தார். என் கணவர் அதையும் சேர்த்துப் படிப்பார். "பத்தொம்பதாவது கேள்வி. இதுல அவரு கழுதை ஆயிருக்காரு. நீ ஜாக்கிரதை."

நான் அங்கே டாக்டராக இருந்தவள். விட்டு வந்த நாட்டை 'அங்கே' என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வது. பதினோரு வருடம் அரசு மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவில் உட்கார்ந்து, ஒரு காலைக்கு நூற்றிருபது பேரைப் பார்த்தவள். அவர் ஒரு மில்லில் ஸ்டோர் பொறுப்பில் இருந்தார். மில்லை மூடியதும், இங்கே பஸ் ஓட்ட ஆள் தேவைப்படுகிறது என்று அவருடைய நண்பர் ஒருவர் எழுதினார். "உனக்கு ஒரே ஒரு பரீட்சைதானாம். எழுதிட்டா போதும், இங்கயும் டாக்டர்தான்" என்று அவர் என்னிடம் சொன்னார். அதை நம்பித்தான் வந்தேன் என்று சொன்னால் அது முழு உண்மையல்ல. நூற்றிருபது பேரும் எனக்குச் சலித்திருந்தார்கள். ஆனால் வந்து ஆறு வருடம் ஆகியும் நான் ஒரு கிளினிக்கின் பின்னறையில் சோதனைக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தேன். கையை நீட்டச் சொல்வது, பட்டையைக் கட்டுவது, குத்துவது, பஞ்சை வைத்து அழுத்தச் சொல்வது. என் கைராசிக்கு அங்கே நல்ல பெயர். குழந்தைகள்கூட அழாது. அந்தப் பெருமையை நான் வீட்டில் சொல்லும்போதெல்லாம் அவர் முகம் ஒருமாதிரி ஆகிவிடும். "டாக்டரைக் கூட்டிட்டு வந்து ஊசி குத்த வச்சுட்டேன்" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

அதனால் என் தேர்வு அவருடைய கடன் போல ஆகிவிட்டது. முதல் வண்டியை எடுக்க விடியற்காலை நாலரைக்குக் கிளம்பிப் போவார். மதியம் வந்து சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்வார். நான் கிளினிக்கிலிருந்து வந்து கை கால் கழுவும்போது புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சமையலறை மேசையில் காத்திருப்பார். ஐந்திலிருந்து ஏழு வரை. நான் காய் நறுக்குவேன், பாத்திரம் கழுவுவேன், அவர் படிப்பார். மருந்துகளின் பெயர்கள் அவர் வாயில் நுழையாது. "அந்த நீளப் பேரு மாத்திரை", "அதோட தம்பி மாத்திரை" என்று ஏதாவது சொல்லிச் சமாளிப்பார். களைப்பாக இருக்கும் நாட்களில் ஆங்கிலத்தை ஓரம் கட்டிவிட்டுத் தமிழிலேயே கேள்வியைச் சுருக்கிவிடுவார். "ஒரு அம்மா. அறுபத்திரண்டு வயசு. மாடி ஏறினா மூச்சு வாங்குது. ரெண்டு காலும் வீக்கம். மொதல்ல என்ன பண்ணுவே?" அந்தச் சுருக்கம் எனக்குப் பிடித்திருந்தது. புத்தகத்தில் நோயாளிகள் புத்தகத்து ஆட்களாக இருப்பார்கள். அவர் சொல்லும்போது யாரோ வண்டியில் ஏறி வந்து எதிரில் உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

தேர்வுக்குப் பத்தொன்பது நாள் இருக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு ஆறு கேள்விகளில் ஆறும் சரியாகச் சொல்லியிருந்தேன். உள்ளுக்குள் ஒரு குஷி ஓடிக்கொண்டிருந்தது. ஏழாவதைப் படிக்க அவர் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார்.

"ஒரு ஆம்பள" என்றார். "நாப்பத்தொம்பது வயசு. வண்டி ஓட்டற வேலை. காலைல திடீர்னு ஒரு கண்ணுல மட்டும் திரை இறங்கின மாதிரி மறைஞ்சுது. இடது கண்ணு. வலி இல்ல. அஞ்சு நிமிஷம் இருக்கும். அப்புறம் தானா சரியாயிடுச்சு. மொதல்ல என்ன பண்ணணும்? ஏ, கண்ணாடி மாத்தணும். பி, கண்ணுக்குச் சொட்டு மருந்து. சி, நல்லா தூங்கி எழுந்திரிக்கணும்."

அவ்வளவுதான். டியும் இல்லை, ஈயும் இல்லை.

நான் கேரட்டை நறுக்கிக்கொண்டே சொன்னேன். "இது எதுவுமே இல்ல. இது கண்ணு பிரச்னையே இல்லங்க, கழுத்து பிரச்னை. கழுத்து ரத்தக் குழாய்ல அடைப்பு இருக்கும். அதுலேர்ந்து ஒரு துணுக்கு பிச்சுக்கிட்டுப் போய்க் கண்ணுல நின்னுட்டு, கரைஞ்சு போயிருக்கு. அடுத்த துணுக்கு மூளைக்குப் போனா பக்கவாதம். அதனால மூணு விஷயம். ஒண்ணு, ஆஸ்பிரின் உடனே ஆரம்பிக்கணும். ரெண்டு, வண்டி ஓட்டக் கூடாது. மூணு, அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக் கழுத்துக்கு ஸ்கேன்."

"வண்டி ஓட்டக் கூடாதுன்னா எத்தன நாள்?"

"சொந்தக் கார்னா ஒரு மாசம். பஸ், லாரின்னா ஒரு வருஷம்கூட நிறுத்தி வைப்பாங்க."

"அதுக்கும் மார்க் உண்டா?"

"உண்டு. அதைச் சொல்லலன்னா மார்க் போச்சு."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் கணக்கு நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். அடுப்பில் தண்ணீர் கொதிக்க ஆரம்பித்திருந்தது. "அடுத்தது படிங்க" என்றேன்.

நான் கவனிக்கவில்லை என்றுதான் இரண்டு வருடமாக எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். தேர்வு மும்முரத்தில் இருந்தேன், அவர் எப்போதும் போலப் புத்தகத்திலிருந்து சொல்கிறார் என்று நினைத்துவிட்டேன், அவருக்குத்தான் இப்படி என்று எனக்கு எப்படித் தெரியும் என்று. என் அக்காவிடம் தொலைபேசியில் சொல்லி அழுதிருக்கிறேன். அது பொய். நான் கவனித்தேன். புத்தகத்தில் நாற்பத்தொன்பது வயதுக்காரர்கள் எவ்வளவோ பேர் இருக்கலாம். ஆனால் மூன்றே விடைகள் உள்ள கேள்வி ஒன்றுகூடக் கிடையாது. நன்றாகத் தூங்கி எழுந்திரிக்கணும் என்று எந்தத் தேர்வாளரும் விடை எழுதமாட்டார். நிமிர்ந்து பார்த்த அந்த ஒரு நொடியில் எனக்குள் ஏதோ ஒன்று எழுந்து நின்றது. கேள், அது யார் என்று கேள் என்றது. கேட்டால் என்ன ஆகும் என்பதும் அதே நொடியில் வரிசையாகத் தெரிந்தது. ஆஸ்பத்திரி, ஸ்கேன், இரண்டு நாளோ ஒரு வாரமோ, அவருடைய வேலை, மகளின் முகம், பத்தொன்பது நாள் பதினொன்றாகும், ஏழாகும், ஒன்றுமில்லாமல் போகும். மூன்றாவது முறை, கடைசி முறை. இவ்வளவும் சேர்ந்து ஒரு கேரட் நறுக்குகிற நேரம்கூட ஆகவில்லை. இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருந்தால் அவரே சொல்லியிருப்பார். கேள்விக்கு விடை மிகச் சரியாகச் சொன்ன குஷி வேறு இருந்தது. ஏழுக்கு ஏழு. அடுத்தது படிங்க.

அவர் அடுத்ததைப் படித்தார். அது தோல் வியாதி பற்றியது. அதையும் சரியாகச் சொன்னேன்.

அதற்குப் பிறகு பதின்மூன்று நாள் எங்கள் வீட்டில் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. அவர் வழக்கத்தைவிடக் கொஞ்சம் உற்சாகமாக இருந்தார் என்றுகூடத் தோன்றியது. வேலையிலிருந்து வந்தால் முன்பு போலச் சட்டையில் டீசல் வாடை இல்லை. மதியத் தூக்கம் தேவைப்படவில்லை. "இன்னிக்கு நாப்பது கேள்வி போடலாம்" என்பார். போட்டோம். மகளின் துணிகளுக்கு இஸ்திரி போடுவதிலிருந்து கடைக்குப் போவதுவரை எல்லாவற்றையும் தானே இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் அதைக் கேள்வி கேட்காமல் அனுபவித்தேன். எனக்கு அப்போது வேண்டியிருந்ததெல்லாம் நேரம். அது கையில் வந்து விழுந்துகொண்டிருந்தது. எங்கிருந்து வருகிறது என்று நான் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை விடுமுறை. மகளும் வீட்டில் இருந்தாள். நான் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கடிகாரம் வைத்து, முழு மாதிரித் தேர்வு எழுதிக்கொண்டிருந்தேன். நூற்று முப்பதாவது கேள்வியில் துணி கருகும் வாடை வந்தது. எழுந்திருக்காமலே, "என்னங்க, துணி கருகுது பாருங்க" என்று குரல் கொடுத்தேன். எரிச்சலோடுதான். பதில் வரவில்லை. பிறகு மகளின் குரல் வந்தது. "அம்மா." கூப்பிட்டவிதத்திலேயே பேனா என் கையிலிருந்து விழுந்தது.

அவர் சுவரோரம் சரிந்து உட்கார்ந்திருந்தார். இஸ்திரிப் பெட்டி அவளுடைய சட்டைமேல் அப்படியே நின்றிருந்தது. வாயின் வலது ஓரம் இறங்கியிருந்தது. வலது கை தரையில், வேறு யாருடையதோ போலக் கிடந்தது. என்னைப் பார்த்ததும் ஏதோ சொன்னார். ஒரு வார்த்தைகூட வார்த்தையாக இல்லை. சொல்லிவிட்டு, சொன்னது தனக்கே புரியாமல் என் முகத்தில் தேடினார்.

அடுத்த நான்கு நிமிடங்கள் நான் டாக்டராக இருந்தேன். இந்த ஊருக்கு வந்தபிறகு முதல்முறையாக. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்ததால் நேரம் மிகச் சரியாகத் தெரிந்தது, ஒன்று பன்னிரண்டு. மகளை ஆம்புலன்ஸுக்குப் பேசச் சொன்னேன். அவரைப் பக்கவாட்டில் படுக்க வைத்தேன். நாடி பார்த்தேன், வாயில் தண்ணீர்கூட ஊற்றாதே என்று அவளிடம் சொன்னேன். அவர்கள் வந்து இறங்கும்போது எல்லாவற்றையும் இரண்டே வாக்கியத்தில் சொல்லி முடித்தேன். வந்தவர்களில் மூத்தவர் தலையை ஆட்டி எழுதிக்கொண்டே கேட்டார், "இதுக்கு முன்னாடி இந்த மாதிரி அறிகுறி ஏதாவது இருந்துச்சா? கொஞ்ச நேரம் வந்துட்டுப் போற மாதிரி?"

"இல்ல" என்றேன்.

"அம்மா" என்றாள் மகள். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். "அப்பா சொன்னாரே. கண்ணுல திரை விழுந்துச்சுன்னு."

அந்த மனிதர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. மகளுக்குப் பதினான்கு வயது. கணக்கு நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தவளுக்கும் தெரிந்திருந்தது. நான் டாக்டர் என்பதால், நான் எதுவும் சொல்லாததால், ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

அடைப்பைக் கரைக்கும் ஊசியை நேரத்தோடு போட்டார்கள். அதனால் உயிர் தங்கியது, கால் பாதி தங்கியது. மாலையில் அங்கிருந்த இளம் டாக்டர் என்னை ஓரமாக உட்கார வைத்துப் படத்தைக் காட்டினார். கழுத்தின் இடது குழாயில் முக்கால்வாசிக்குமேல் அடைப்பு. நான் கேரட் நறுக்கிக்கொண்டே சொன்னது அப்படியே படமாக இருந்தது.

"கண்ணுல மறைப்பு வந்துச்சுன்னு உங்க பொண்ணு சொன்னாங்க. எப்போ?"

"பதிமூணு நாள் ஆச்சு. இடது கண்ணு. அஞ்சு நிமிஷம்."

"அப்போ யார்கிட்டயாவது காட்டினாரா?"

"என்கிட்டதான் சொன்னாரு."

"நீங்க..."

"டாக்டர்" என்றேன்.

அவர் பேனாவை மூடினார். நல்ல பிள்ளை. "இன்னிக்கு நீங்க ரொம்ப வேகமா செயல்பட்டீங்க. அதனாலதான் ஊசி போட முடிஞ்சுது" என்றார். பிறகு எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். வீட்டில் டாக்டர் இருந்ததால் பிழைத்தார். அக்கா சொன்னாள், கிளினிக்கில் சொன்னார்கள், மாடிவீட்டுக்காரர் சொன்னார். ஒவ்வொரு முறையும் நான் தலையை ஆட்டினேன்.

மூன்றாம் நாள் பஸ் டிப்போவின் மேற்பார்வையாளர் வீட்டுக்கு வந்தார். கனத்த மனிதர், நாற்காலியில் உட்காரத் தயங்கி நின்றபடியே பேசினார். "முதுகு வலின்னு ஆரம்பிச்சு எப்படி ஆயிடுச்சு பாருங்கம்மா" என்றார்.

"முதுகு வலியா?"

"ரெண்டு வாரமா வண்டி எடுக்கலியே. முதுகு பிடிச்சுக்கிச்சு, உக்காந்து ஓட்ட முடியல, வேற ஏதாவது வேலை குடுங்கன்னு கேட்டாரு. நானும் பயணிங்க விட்டுட்டுப் போற சாமான் ரூம்ல போட்டேன். குடை, பை, கண்ணாடின்னு மலை மாதிரி குமிஞ்சு கிடந்துச்சு. எல்லாத்துக்கும் சீட்டு எழுதி ஒட்டி, அலமாரில அடுக்கி வச்சுட்டாரும்மா. இப்ப யாரு வந்து கேட்டாலும் ஒரு நிமிஷத்துல எடுத்துக் குடுக்கலாம்." பிறகு நினைவுக்கு வந்தவராக, "உங்க பரீட்சைக்கு மறுநாள் லீவுகூட எழுதிக் குடுத்துட்டாரு. ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு காரணம் போட்டிருந்தாரு. முதுகுக்குத்தான்னு நினைச்சேன்" என்றார்.

அவர் போனபிறகு கணவரின் சட்டைகளை எடுத்துப் பார்த்தேன். நீலச் சட்டையின் உள்பாக்கெட்டில் ஆஸ்பிரின் அட்டை இருந்தது. பதின்மூன்று மாத்திரைகள் எடுத்திருந்தார், ஒரு நாள்கூட விடாமல். நான் மூன்று விஷயம் சொன்னேன். முதல் இரண்டையும் அவர் ஒழுங்காகச் செய்திருக்கிறார். வண்டியில் ஐம்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள், அவர்களை வைத்து விளையாடக் கூடாது என்று தெரிந்திருக்கிறது. மூன்றாவதை மட்டும் என் தேர்வுக்கு மறுநாளைக்குத் தள்ளி வைத்திருக்கிறார். அதில் மட்டும்தான் நான் குறுக்கே வருகிறேன்.

தேர்வு ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை மாலை அவருடைய படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்போது அவருக்கு ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியிருந்தது. 'இல்ல.' தண்ணீர் வேணுமா என்றால் இல்ல, என்று சொல்லிக்கொண்டே டம்ளருக்குக் கையை நீட்டுவார். வலிக்குதா, இல்ல. மகள் வந்திருக்கா, இல்ல இல்ல, என்று முகமெல்லாம் மலரும். அவளுக்கு முதலில் அழுகை வந்தது, பிறகு சிரிப்பு வந்தது. "அப்பா, உங்களுக்கு என்னைப் பிடிக்கும்தானே?" "இல்ல." இருவரும் சிரித்தார்கள். அவருடைய சிரிப்பு ஒரு பக்கமாக ஏறியது.

"நாளைக்கு நான் பரீட்சைக்குப் போகல" என்றேன்.

"இல்ல" என்றார்.

"போகணுமா?"

"இல்ல."

"கோவமா உங்களுக்கு?"

"இல்ல." சொல்லிவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். வெளிச்சம் கண்ணில் அடித்ததா, என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லையா, போய்த் தொலை என்றாரா, போய் எழுது என்றாரா, எதையும் என்னால் பிரித்தெடுக்க முடியவில்லை. ஐந்து விடைகளும் சரி போலத்தான் இருந்தன. நான் எனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டேன். மறுநாள் மகளை அவரோடு விட்டுவிட்டுப் போனேன்.

தேறிவிட்டேன் என்பதை இப்போது சொல்லித்தான் ஆகவேண்டும். வேண்டியதைவிடப் பத்தொன்பது மதிப்பெண் அதிகம். தேர்வு அறையில் என் மனம் எங்கும் ஓடவில்லை. மூன்று மணி நேரமும் நான் அவரை நினைக்கவில்லை. வெளியே வந்து படியிறங்கும்போதுதான் அது உறைத்தது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பின்னால் வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனார்கள். அதில் ஒருவர் ஏதோ கேள்வியைச் சொல்லி, "நீங்க என்ன போட்டீங்க?" என்று கேட்டார். சொன்னேன். "ஐயோ, நான் மாத்திப் போட்டுட்டேன்" என்றார்.

இப்போது ஒரு சின்னக் கிளினிக்கில் வேலை. கதவில் என் பெயர் இருக்கிறது. ஒரு நோயாளிக்குப் பத்து நிமிடம் என்று கணக்கு. என்னால் முடிவதில்லை. சளி என்று வந்தவரை எழுப்பி அனுப்புவதற்குமுன், வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பேன். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. சிலர் கதவு வரை போய்விட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, 'சும்மாதான் கேக்கறேன், எனக்கில்ல, தெரிஞ்சவர் ஒருத்தருக்கு' என்று ஆரம்பிப்பார்கள். அவர்களைத் திரும்பக் கூப்பிட்டு உட்கார வைப்பேன். மதியத்துக்குள் ஒரு மணி நேரம் தாமதமாகிவிடும். "டாக்டர், வெளியில ஆளுங்க என்னைத்தான் திட்டறாங்க" என்று முன்மேசைப் பெண் வந்து நிற்பாள். நல்ல டாக்டர், பொறுமையாகக் கேட்கிறார் என்று ஊரில் பெயர் வந்திருக்கிறது. அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம், யாருடைய துணியையோ எடுத்து உடுத்திக்கொண்டு நடமாடுவது போல இருக்கும்.

மகள் அன்றைக்குச் சொன்னதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. அவள் நன்றாகப் படிக்கிறாள். என்ன படிக்கப் போகிறாய் என்று யாராவது கேட்டால், "டாக்டர் மட்டும் இல்ல" என்கிறாள். கேட்டவர்கள் சிரிக்கிறார்கள். என்னைப் பார்க்காமல்தான் சொல்வாள்.

அவர் இப்போது கைத்தடியோடு நடக்கிறார். வலது கை இன்னும் மடங்கியே இருக்கிறது. வார்த்தைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. நெரிசலில் தொலைந்த ஆட்கள் திரும்புவது போல, எதிர்பார்க்காத நேரத்தில், எதிர்பார்க்காத வரிசையில். 'சாவி' வந்த பிறகு ஒரு மாதம் கழித்துத்தான் மகளின் பெயர் வந்தது. மூன்று நான்கு சொற்களைச் சேர்த்து ஒரு வாக்கியமாக்குவதற்குள் நெற்றியில் வியர்த்துவிடும். நாங்கள் குறுக்கே எடுத்துக் கொடுக்கக் கூடாது. காத்திருக்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை கண் டாக்டரிடம் கண்ணாடி அளவு பார்க்கக் கிளம்பினோம். எங்கள் தெரு முனையில் நிறுத்தம். வண்டி வர இன்னும் எட்டு நிமிடம் இருந்தது. பெஞ்சில் எங்களைத் தவிர யாரும் இல்லை. அவர் தடியை முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சொல்ல வேண்டும் என்று திட்டமிட்டு நான் போகவில்லை. எதிரே மூடியிருந்த கடையின் கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"அன்னிக்கு நீங்க கேட்டீங்கல்ல, கண்ணு பத்தி. அது புத்தகத்துல இல்லன்னு எனக்குத் தெரியும். அப்பவே தெரியும். தெரிஞ்சுதான் அடுத்தது படிங்கன்னு சொன்னேன்."

அவர் என் பக்கம் திரும்பவில்லை. உதடு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. நான் காத்திருந்தேன். தெருவில் ஒரு பெண் இரண்டு நாய்களைப் பிடித்துக்கொண்டு கடந்து போனாள். அவருடைய நெற்றியில் வியர்வை பூத்தது.

"தெரியும்" என்றார்.

அன்றைக்கே தெரியுமா, இப்போது நான் சொல்லித் தெரிந்ததா என்று கேட்க வாயெடுத்தேன். அவர் இடது கையைத் தூக்கித் தெருவின் வளைவைக் காட்டினார். வண்டி வந்துகொண்டிருந்தது.

ஏறும்போது யாரும் பிடிப்பது அவருக்குப் பிடிக்காது. தடியை என்னிடம் கொடுத்தார். கம்பியை இடது கையால் பற்றி, இடது காலை ஏற்றி, வலது காலைத் தொடையோடு சேர்த்து இழுத்துக்கொண்டார். ஓட்டுநர் புதியவர், இளைஞர். அவருக்கு இவரைத் தெரியாது. ஆனாலும் வண்டியை எடுக்காமல் காத்திருந்தார். ஓட்டுநருக்குப் பின்னாலிருந்த முதல் இருக்கையில் என் கணவர் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் தடியோடு உட்கார்ந்தேன். வண்டி கிளம்பியது. சாலை நீளமாக, காலியாக, லேசான இறக்கமாகப் போனது. கீழே சிக்னல் சிவப்புக்கு மாறியது. ஓட்டுநர் இன்னும் வேகத்தைக் குறைக்கவில்லை. என் பக்கத்தில் அவருடைய இடது கால் மெதுவாக முன்னால் நகர்ந்து, பிரேக் இல்லாத வெறும் தரையை அழுத்தி, அப்படியே பிடித்துக்கொண்டு நின்றது.